வாய் அகன்ற மரக்கால்

அன்பு மகளுக்கு,

நீ போனில் அவ்வளவு சொல்லியும் நான் "ம், சரி" என்பதோடு நிறுத்திவிட்டேன் என்று உன் அம்மாவுக்குக் கோபம். எனக்குப் போனில் பேச வராது, உனக்கே தெரியும். பட்டறைச் சத்தத்தில் காதும் முன்போல் இல்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், சாப்பாட்டு இடைவேளையில் படிக்காதே, ராத்திரி படி.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. உன் கம்பெனியில் நீ அளந்து பார்க்கிற இயந்திரத் தண்டின் விட்டம் 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. நீ அளந்ததில் சிலது 14, 15 மைக்ரான் கூடுதலாக வந்திருக்கிறது. மேலே இருப்பவர், "10 என்றே எழுதிவிடம்மா, லாரி காத்திருக்கிறது" என்கிறார். எழுதுவதா, சண்டை போடுவதா, வேலையை விடுவதா என்று கேட்டாய். பதில் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் நம் பட்டறைக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். அது இல்லாமல் சொன்னால் உபதேசம் மாதிரி இருக்கும்.

உன் மேஜையில் வைக்கக் கேட்டாயே கவராயம், அது தயார். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்தேன். இரண்டு காலையும் ஒரே துண்டிலிருந்து வெட்டி எடுத்தால்தான் ஒரே குணமாக இருக்கும். தனித்தனிக் கம்பியில் அடித்தால் ஒன்று வளைந்து கொடுக்கும், மற்றது கொடுக்காது. இரண்டையும் சேர்த்து இடுக்கியில் பிடித்து ஒன்றாகவே அரம் போட்டேன். முனையைச் சிவக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் எண்ணெயில் விட்டேன். இந்தப் பட்டையைத் தண்ணீரில் விட்டால் விரிசல் விடும். அப்புறம் முனையைத் தேய்த்து வெளுப்பாக்கி, பின்பக்கமிருந்து மெல்லச் சூடு காட்டி, வைக்கோல் நிறம் முனைக்கு வந்த நொடியில் மறுபடி ஆற்றினேன். நீல நிறம் வரும்வரை விட்டால் முனை மழுங்கிப்போகும். இதெல்லாம் நீ சின்ன வயதில் துருத்திப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். இப்போது துருத்திக்குப் பதில் புளோயர், மற்றபடி அதே உலை, அதே அடைகல்.

கவராயத்தில் கஷ்டமே தலைதான். ஆணி இறுகினால் கை வலிக்கும். தளர்ந்தால் கால் விரித்த அளவில் நிற்காது. மரத்தில் ஓர் அளவு எடுத்து அடுத்த மரத்துக்குக் கொண்டு போவதற்குள் நழுவிவிடும், தச்சருக்கு அது தெரியவும் தெரியாது. இடையில் மெல்லிய பித்தளை வில்லை ஒன்று வைத்து, தட்டித் தட்டிப் பார்த்து, கட்டைவிரல் அழுத்தத்துக்கு மட்டும் அசைகிற மாதிரி ஆணியை அடித்திருக்கிறேன். இதற்குக் கணக்கு கிடையாது, கைதான்.

செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்துக்கு மட்டும் கணக்கு உண்டு, அதுவும் வேறு கருவி தேவைப்படாத கணக்கு. ஒரு நேர்ப்பலகையின் விளிம்பில் வைத்து ஒரு கோடு கீறு. அதே இடத்தில் மட்டத்தைத் திருப்பிப் போட்டு மறுபடி கீறு. இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால், விலகலில் பாதிதான் உண்மையான பிழை. உன் தாத்தா எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இதைத்தான். சம்மட்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அதற்கு அப்புறம்.

இன்னொன்றும் சொல்வார், சூட்டில் அளக்காதே என்று. உலையிலிருந்து எடுத்த இரும்பு ஓர் அடிக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீண்டிருக்கும், ஆறியதும் சுருங்கிவிடும். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா கட்டுகிறவனுக்கு இதுதான் பிழைப்பு. சக்கரச் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைத்து வளையம் செய்து, காய்ச்சி மாட்டி, தண்ணீர் ஊற்றினால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். உங்கள் அளவு அறையை எப்போதும் 20 டிகிரியில் வைத்திருக்கிறார்கள் என்று நீ முதல் மாதம் ஆச்சரியமாகச் சொன்னாய். எனக்கு ஆச்சரியமே இல்லை. சித்திரை வெயிலில் 40 டிகிரியில் ஒரு மீட்டர் எஃகுக்கோல் கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீண்டிருக்கும். நிலம் அளக்கிறவனுக்கு அது பொருட்டில்லை, உனக்குப் பொருட்டு.

சரி, நம் பட்டறையில் அடிக்கிற, நெல் அளக்கிற மரக்காலுக்கு வருகிறேன்.

ஏட்டுக் கணக்கில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நம் பக்கம் இரண்டு கலம் ஒரு மூட்டை. நாழிக்குள் எத்தனை நெல் என்று பழைய கணக்கில் எழுதியிருக்கிறது: 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, ஆக ஒரு நாழிக்கு 14,400 நெல். நிலத்திலும் இதே எண் வருவதைக் கவனித்திருக்கிறாயா? 12 அடிக் கோலால் ஒரு சதுரம் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. ஒரு மாவுக்கு 14,400 சதுர அடி. யாராவது யோசித்து வைத்ததா, தானாக அமைந்ததா என்று நானும் உன் தாத்தாவும் பேசிப் பேசி ஒரு முடிவுக்கும் வந்ததில்லை. அதை விடு.

ஏட்டில் ஒரே அளவு. களத்தில் ஊருக்கு ஊர் வேறு மரக்கால். ஒரே ஊரில் பண்ணைக்குப் பண்ணை வேறு. தகட்டை வளைத்து, இணைப்பில் ஆணி அடித்து, அடித்தகடு பொருத்தி, வாய்க்கு ஒரு பட்டை சுற்றிவிட்டால் மரக்கால் முடிந்தது, பார்க்க எளிது. உயரத்தைக் குறைத்து வாயை அகலப்படுத்தினாலும் தலை வழித்து அளக்கும்போது அதே நெல்தான் பிடிக்கும். ஆனால் குவித்து அளந்தால்? வாய் கால் பங்கு அகலமானால் மேலே நிற்கிற கூம்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். குத்தகை நெல்லைக் குவித்து வாங்கி, கூலி நெல்லை வழித்துக் கொடுத்தால் ஒரே மரக்கால் இரண்டு மரக்காலாகிவிடும். உயரத்திலிருந்து கொட்டினால் நெல் இறுகி அதிகம் பிடிக்கும், மெல்லச் சரித்து விட்டால் குறையும். அளக்கிறவர் "லாபம், ரெண்டு, மூணு" என்று பாடிக்கொண்டே இதையெல்லாம் செய்வார். மரக்காலில் ஒரு குற்றமும் இருக்காது.

உன் தாத்தா காலத்தில் நம் குடும்பத்துக்குப் பணக் கூலி கிடையாது. வருஷம் முழுக்கக் கலப்பைக் கொழுவும் அரிவாளும் அடித்துக் கொடுத்தால், அறுப்பு முடிந்ததும் களத்தில் நமக்கென்று ஒரு பங்கு நெல் அளப்பார்கள். தச்சருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் அப்படித்தான். நாம் அடித்த மரக்காலில்தான் நமக்கே கூலி. தாத்தா இதை ஒரு வேடிக்கையாகச் சொல்வார். எனக்கு அது வேடிக்கையாகப் பட்டதில்லை.

ஒரு பண்ணையிலிருந்து காரியக்காரர் வந்து இரண்டு மரக்கால் கேட்டாராம். வெளியே இரண்டும் ஒரே உயரம், ஒரே வாய். கூலி மரக்காலில் மட்டும் அடித்தகடு ஒரு விரல் மேலே ஏறியிருக்க வேண்டும். தாத்தா, "சின்ன மரக்கால் வேண்டுமானால் சின்னதாகவே செய்து தருகிறேன். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குட்டையாக இருக்கும், பக்கத்தில் எத்தனை நாழி என்று உளியால் வெட்டியும் தருகிறேன்" என்றிருக்கிறார். அவருக்கு அது தேவையில்லை, போய்விட்டார். அந்தப் பண்ணை நெல் அந்த வருஷம் நமக்கு வரவில்லை. இதனால் ஊரில் ஏதாவது மாறியதா என்றால் இல்லை. வேறு எங்கோ யாரோ செய்து கொடுத்தார்கள், கூலிக்காரர்கள் அதில்தான் வாங்கிப் போனார்கள். தாத்தாவைப் பெரிய தியாகியாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த மரக்காலைக் கண்டுபிடிக்க ஒரு ஈர்க்கு போதும். உள்ளே விட்டு ஆழம் பார், வெளியே வைத்து உயரம் பார். ஆனால் களத்தில் எஜமான் முன்னால் ஈர்க்கை எடுக்க யாருக்குத் துணிச்சல் இருந்தது? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் நடுவில் நடந்தது அது. நம் ஊரிலிருந்து தொலைவில்லை. இந்த ஜில்லாவில் படியும் மரக்காலும் வெறும் பாத்திரமாக ஒருநாளும் இருந்ததில்லை.

தாத்தா சொன்னதை நான் இப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அளவு ஊருக்கு ஊர் வேறாக இருக்கலாம், அதில் பொய்யில்லை. எது அளவு என்று எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டில் நெல்லை வெறுமனே இத்தனை கலம் என்று எழுதவில்லை. "ஆடவல்லான்" என்னும் மரக்காலால் அளந்து இத்தனை கலம் என்று எழுதியிருக்கிறது. அந்த மரக்கால் ராஜகேசரி மரக்காலுக்குச் சமம் என்பதும் அதிலேயே இருக்கிறது. ராஜராஜன் ஆட்சியில் நிலம் அளந்தபோதும் எத்தனை சாண் கோல் என்பதைச் சேர்த்தே சொன்னார்கள். நிலம் அளந்த கோலின் நீளத்தையே சில கோயில் சுவர்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் தன் கோலைக் கொண்டுபோய் அந்தச் சுவரில் வைத்துப் பார்க்கலாம். யாரையும் கெஞ்ச வேண்டாம்.

1956இல் நிறை அளவைச் சட்டம் வந்து, பிறகு படிப்படியாக கிலோவும் லிட்டரும் ஆயின. மரக்கால் வியாபாரத்திலிருந்து போனது நல்லதுதான், எனக்கு அதில் வருத்தமில்லை. இப்போது கல்யாண வீட்டில் நெல் நிறைத்து வைக்கவும், வெளியூர்க்காரர்கள் கூடத்தில் அழகுக்கு வைக்கவும்தான் கேட்கிறார்கள். அதற்கும் அடித்தகடு கீழேயே இருக்கும்படிதான் செய்கிறேன். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையாக எடை போடுகிறார்கள். சண்டை மட்டும் தீரவில்லை, எடையிலிருந்து ஈரப்பதத்துக்கு மாறிவிட்டது. 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் எடுக்க மாட்டார்கள். போன சம்பாவில் ஒரு நிலையத்தில் ஈரமானி காட்டிய எண்ணை உன் சித்தப்பாவுக்குக் காட்டவே இல்லையாம், "ஈரம், காயவை" என்று மட்டும் சொன்னார்களாம். அவருக்குக் கோபம் நெல்லைத் திருப்பி அனுப்பியதில்கூட இல்லை, எண்ணைக் காட்டாததில்தான்.

உன் விஷயம். அந்தத் தண்டு போகலாமா கூடாதா என்பது உன் வேலை இல்லை. 15 மைக்ரான் கூடுதலாக இருந்தாலும் அது ஓடுகிற இடத்தில் தாங்கலாம். அது வரைபடம் போட்டவருக்குத்தான் தெரியும். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அளவு மீறியது இத்தனை, இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதி, பொறுப்பானவர் கையெழுத்துப் போடுவார். லாரி புறப்பட வேண்டுமானால் அவர் கையெழுத்துப் போட்டுப் புறப்படட்டும். நீ 15 என்று பார்த்தால் 15 என்றே எழுது. சண்டை போடாதே, சத்தம் போடாதே, வேலையை விடுகிறேன் என்றும் சொல்லாதே. "சார், நான் பார்த்தது இது, மேலே ஏற்பது உங்கள் கையில்" என்று அந்தக் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்து. கையெழுத்துப் போட அவருக்கே மனம் வராவிட்டால், அப்போது உனக்கும் விஷயம் புரிந்துவிடும்.

எழுதுவதற்கு முன் மைக்ரோமீட்டரைத் துடைத்து, மூடினால் பூஜ்யம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிடு. தண்டு மெஷினிலிருந்து சூடாக வந்திருந்தால் ஆறவிட்டு மறுபடி அள. இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் குறை சொல்ல உன் பக்கம் ஒரு இடுக்கும் இருக்கக் கூடாது.

அவர் அதற்கப்புறமும் எண்ணை மாற்றச் சொன்னால் எனக்கு எழுது, போன் வேண்டாம். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நான்கைந்து மாதம் தாங்குகிற அளவுக்கு இங்கே இருக்கிறது. உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் முதலில் முகம் சுளித்தாள், அப்புறம் ஐந்து மாதம் வேண்டாம், ஆறு என்று சொல் என்றாள்.

சுவாமிமலையிலிருந்து ஒரு சிற்பி வளைந்த கால் வைத்த விட்டமானி இரண்டு கேட்டிருக்கிறார், விக்கிரகத்தின் கைப்பருமன் பார்ப்பதற்கு. உடல் அளவெல்லாம் அவர்கள் தென்னை ஓலையை மடித்தே எடுத்துவிடுகிறார்கள், உருண்ட பாகத்துக்கு மட்டும் இது வேண்டுமாம். அதற்கு நல்ல முக்கோண அரம் கும்பகோணத்தில் கிடைக்கவில்லை, வருவதெல்லாம் பத்து இழுப்பில் பல் போய்விடுகிறது. ஓசூரில் உங்கள் பக்கம் பொடிப் பல்லில் ஆறு அங்குலம் கிடைத்தால் இரண்டு வாங்கி, பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. துணியில் தனித்தனியாகச் சுற்று, ஒன்றோடு ஒன்று உரசினால் கெட்டுப்போகும்.

அன்புடன்,
அப்பா