'சாரி' எப்போதும் மன்னிப்பு அல்ல

ஆசிரியருக்கு,

விபத்தில் பலியானவர்களைப் பற்றி ஒரு வெளிநாட்டுத் தலைவர் 'சாரி' என்று சொன்னால், தமிழ்ச் செய்திகளில் அது பல நேரம் 'மன்னிப்புக் கேட்டார்' என்று வந்துவிடுகிறது. அவர் சொன்னது 'வருந்துகிறேன்' என்பதுதான். செய்யாத குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார். இது சின்னப் பிழை இல்லை.

'சாரி' என்ற சொல்லின் வேர் வலி. புண், நோவு என்று பொருள்படும் 'சோர்' (sore) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உறவு. துயரத்தைக் குறிக்கும் 'சாரோ' (sorrow) என்ற ஆங்கிலச் சொல்லோடு ஒட்டிப் பிறந்ததுபோல் தோன்றினாலும் அதன் வேர் வேறு. 'மனம் நோகிறது' என்பதே பழைய பொருள். அதனால்தான் துக்கம் விசாரிக்கும்போதும், தெரியாமல் ஒருவர் காலை மிதித்துவிட்டாலும், எதிரில் இருப்பவர் பேசியது காதில் விழாவிட்டாலும் ஆங்கிலத்தில் இதையே சொல்கிறார்கள்.

2001 ஏப்ரலில் அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதி, சீன விமானி உயிரிழந்தார். சீனா பிடித்து வைத்திருந்த 24 அமெரிக்கர்களை மீட்க அமெரிக்கா கொடுத்த கடிதத்தில் இருந்தது 'வெரி சாரி' என்ற சொல்தான். சீனா அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டது. வெறும் வருத்தம்தான் என்றது அமெரிக்கா. இரண்டு அரசுகளே ஒரு சொல்லில் இப்படிப் பிரிந்து நின்றன!

சரி, எப்படி மொழிபெயர்ப்பது? சொல்பவரின் தவறா, கேட்பவரின் இழப்பா என்று பார்த்தால் போதும். தவறு என்றால் மன்னிப்பு, இழப்பு என்றால் வருத்தம். தங்கள் செய்திப் பிரிவினர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்