ஒரு வாளி மாவுக்கு நன்றி

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் விடுமுறைச் சமையல் கழகத்தைத் தாங்கிய அனைவருக்கும் வணக்கம்.

அந்தத் திங்கட்கிழமை எங்கள் கழகத்தின் அடுப்படி பூட்டப்பட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்கு மனமில்லை. பாடசாலையில் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகள் விடுமுறையில் பசித்திருக்கக் கூடாதென்றே 2021 முதல் இங்கிலாந்து முழுவதும் அரசு நிதியில் இத்தகைய கழகங்கள் நடைபெறுகின்றன. ஆகையால் அடுப்படி பூட்டப்பட்டபோது எங்களுக்குச் சமையற் பாடத்தை விட அன்றைய சாப்பாடே பெருங்கவலையாயிற்று.

கிடாரம் தந்த கோயில் மடப்பள்ளியினருக்கும், அரிசிக்குக் காசு வாங்க மறுத்த கடைக்காரருக்கும், ஜொலோஃப் சோற்றைத் தம் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்த நைஜீரியத் தாய்க்கும், பியரோகி என்னும் கொழுக்கட்டை மடிக்கக் கற்றுத்தந்த போலந்துத் தந்தைக்கும் எங்கள் நன்றி.

ஆனால் இம்மடலை நான் எழுத உட்கார்ந்தது, வியாழக்கிழமை காலையில் பேரனின் கையைப் பிடித்தபடி வந்த எத்தியோப்பிய அம்மாவுக்காக. அவர் மகள் ஒரு வாளியையும் அகன்ற மின்சாரக் கல்லையும் சுமந்து வந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு அவருடைய அம்ஹாரிக் மொழி தெரியாது. இரவல் அறையின் ஒரு மூலையில் கல்லைச் சூடாக்கி, தெஃப் என்னும் சிறுதானியத்தின் மாவை வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுழற்றி ஊற்றி மூடினார். திறந்தபோது இன்ஜெரா என்னும் அந்த அப்பத்தின் மேலெங்கும் சிறு துளைகள். அவற்றை அவர்கள் மொழியிலும் 'கண்' என்றே சொல்வார்களாம். தோசையைப் போல் திருப்பிப் போடாததைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் பதறியது தனிக் கதை. கலப்பில்லாத தெஃப் என்பதால், கோதுமை ஒவ்வாத சிறுவனும் அன்று எல்லோருடனும் ஒரே தட்டில் கைவைத்தான். பின்னர் அந்த அம்மா ஒரு வாய் பிய்த்துப் பேரனுக்கு ஊட்ட, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஊட்டத் தொடங்கினார்கள். அதற்குக் குர்ஷா என்று பெயர்.

வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எர்ஷோ என்னும் பழைய புளித்த நீரைச் சேர்த்துக் கரைத்த அந்த மாவு புளிக்க மூன்று நாள் ஆகியிருந்தது என்று மகள் சொல்லியிருந்தார். அப்படியானால், திங்களன்று நான் பெற்றோருக்குச் செய்தி அனுப்பிய சில மணி நேரத்திலேயே, யாரும் கேட்காமல் அவர் மாவைக் கரைத்து வைத்திருக்கிறார். நான் அழுதுகொண்டிருந்த மூன்று இரவும் அவர் வீட்டில் அது புளித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த ஈஸ்டர் விடுமுறையின் முதல் நாள் இன்ஜெராவுக்கே என்று முடிவு செய்துள்ளோம். அம்மா விட்டுச்சென்ற எர்ஷோப் போத்தல், எங்கள் தோசைமாவுக்குப் பக்கத்தில் குளிர்பெட்டியில் இருக்கிறது. வாளியைக் கழுவி வைத்துள்ளேன். அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை என்பதால், ஞாயிறன்று இடியப்பம் அவித்து அதில் வைத்து எடுத்துவருகிறேன் என்று அவர் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.