முட்டுக்கட்டை போட்டது நாங்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு நீங்கள் வெளியிட்ட ஒரு கடிதத்தில், "பேட்டைகளில் எந்த மாற்றம் வந்தாலும் முட்டுக்கட்டை போடுவது மூத்த குடியிருப்பாளர்கள்தான்" என்று ஓர் இளைய வாசகர் எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தேன். அதே வரிதான் இருந்தது.

எனக்கு வயது 74. பிறந்தது சிங்கப்பூரில், செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளக் குடியிருப்பில். அப்பாவுக்கு அங்கே கப்பல் பட்டறையில் வேலை. 1971ல் பிரிட்டிஷ் படைகள் மூட்டை கட்டின. பின்னாலேயே நாங்களும் கட்டினோம். கோழிகளை விற்றோம், முருங்கை மரத்தை விட்டோம், அடுக்குமாடிக்கு வந்தோம். எங்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை, நாங்களும் மனு எழுதவில்லை. எழுதலாம் என்பதே அப்போது தெரியாது!

பிறகு வந்தது மின்தூக்கி விவகாரம். இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், எங்கள் புளோக்கில் மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பது மாடிகளில் மட்டுமே நிற்கும். நாங்கள் நான்காம் மாடி. ஐந்துக்குப் போய் ஒரு மாடி இறங்க வேண்டும். அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப்போகும் நாள்களில் சக்கர நாற்காலியின் ஒரு பக்கத்தை நானும் மறுபக்கத்தை எதிர்வீட்டு பக்சிக்கும் (மலாய்ப் பெரியவரை அப்படித்தான் அழைப்போம்) தூக்குவோம். படி திரும்பும் இடத்தில் அம்மா கண்ணை மூடிக்கொள்வார். எல்லா மாடியிலும் நிற்கவைக்கும் மேம்பாட்டுத் திட்டத்தை 2001ல் அறிவித்தார்கள். ஆனால் 75 விழுக்காட்டு வீடுகள் சம்மதித்து வாக்களிக்க வேண்டும். ஐந்தாம் மாடித் தம்பி என்னிடம் நேராகவே கேட்டார், "எங்க மாடியிலதான் நிக்குதே அங்கிள், நான் எதுக்குப் பணம் கட்டணும்?" அவருக்கு அப்போது 35 வயது இருந்தால் அதிகம். வாக்கெடுப்பு ஒருவழியாகத் தேறியது. நான்காம் மாடியில் முதன்முதலாகக் கதவு திறந்தபோது அம்மா இல்லை.

அந்தத் தம்பியை எந்தப் பத்திரிகையும் முட்டுக்கட்டை என்று எழுதவில்லை.

மற்றவை ஆசிரியருக்குத் தெரியாததல்ல. 2008ல் செராங்கூன் கார்டன்சில் வெளிநாட்டு ஊழியர் விடுதிக்கு எதிராகக் கையெழுத்து வேட்டை நடந்தது. கடைசியில் ஊழியர்கள் வந்துபோகத் தனிச் சாலை போட்டுத்தான் விடுதியைத் திறக்க முடிந்தது. 2012ல் உட்லண்ட்சில் புளோக்கின் கீழ்த்தளத்தில் முதியோர் பராமரிப்பு நிலையம் கூடாது என்றார்கள். அதே ஆண்டு பீஷானில் தாதிமை இல்லம் கூடாது என்றார்கள். கூடாது என்றவர்கள் எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்களா? முதியோர் நிலையமே வேண்டாம் என்பதை முதியவர்கள் தலையில் கட்டுவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பேட்டையிலும் அப்படி ஒரு மனு சுற்றியது. கொண்டுவந்த இளம் தம்பதி மிக மரியாதையானவர்கள், காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். "நிலையம் வந்தா வீட்டு விலை இறங்கிடும் அங்கிள்" என்றார்கள். நான் மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். கையெழுத்துப் போட்டேன், முகத்துக்காக. இன்று பக்கவாதம் வந்த என் மனைவி பகல் நேரத்தில் அப்படி ஒரு நிலையத்துக்குத்தான் போகிறார், வேறு பேட்டைக்கு, வேனில். ஆக, இளைய வாசகர் சொல்வதில் ஒரு கையெழுத்து அளவுக்கு உண்மை இருக்கிறது.

இனி என் கோரிக்கை. எங்கள் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசையும் நான்கு கல் இருக்கைகளும் இருந்தன. காலையில் கிழவர்கள் பேசும் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று யாரோ புகார் செய்ய, போன மாதம் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது செடித் தொட்டிகள். நகர மன்றத்துக்கு எழுதினேன். கருத்தைக் குறித்துக்கொண்டதாகப் பதில் வந்தது. இந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிட்டால் மறுபடியும் குறித்துக்கொள்வார்கள், அதனால் வெளியிடுங்கள். மேசை வேண்டாம், நான்கு இருக்கைகளும் வேண்டாம். இரண்டு போதும். பக்சிக்குக்கு எண்பது தாண்டிவிட்டது, நின்றுகொண்டு பேச அவருடைய முழங்கால் இடம் கொடுப்பதில்லை.

இப்படிக்கு,
நான்காம் மாடி வாசகர்,
சிங்கப்பூர்