டெக்சோமா ஏரிக்கரையிலிருந்து செல்வத்துக்கு

பிளானோ, டெக்சாஸ்
ஏப்ரல் 21

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சின்னவளுக்குச் சேலத்திலேயே வேலை கிடைத்ததும் நல்லதாகப் போயிற்று. இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்குப் பிரஷர் மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

"இன்னும் தூண்டில் போடுகிறாயா? அங்கே என்ன இரை?" என்று கேட்டிருந்தாய். நீ கேட்டுவிட்டாய், இனி கடிதம் முழுக்க அதுதான்.

போன சனிக்கிழமை விடியுமுன்னே டெக்சோமா ஏரிக்குப் போயிருந்தேன். வீட்டிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம். டெக்சாஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் நடுவே ரெட் ரிவரை மறித்துக் கட்டிய டெனிசன் அணையின் தேக்கம் அது. 1944-ல் கட்டி முடித்தது. நம் மேட்டூருக்குப் பத்து வயது இளையது. அணையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தி தலைகாட்டுமே, அதுபோல இந்தத் தண்ணீருக்கடியிலும் பிரெஸ்டன் என்று ஒரு பழைய ஊர் கிடக்கிறது. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து இந்த ஏரி எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

நான் தேடிப் போகிற மீனுக்கு ஸ்ட்ரைப்பர் என்று பெயர். வெள்ளி உடம்பு, செவுளிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள். பிறவியில் அது அட்லாண்டிக் கடல் மீன். முட்டையிட மட்டும் ஆற்றில் ஏறும். 1940-களின் தொடக்கத்தில் தென் கரோலினாவில் சான்டீ, கூப்பர் ஆறுகளை அணை கட்டி மறித்தபோது சில மீன்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. கடலுக்குத் திரும்பாமலே அங்கே குஞ்சு பொரித்துப் பெருகிவிட்டன. அதற்குப் பிறகுதான் மற்ற மாநில ஏரிகளிலும் இதை விட ஆரம்பித்தார்கள். டெக்சோமாவில் 1960-களில் விட்டார்கள்.

விட்ட எல்லா ஏரியிலும் அது பெருகவில்லை, செல்வம். அதன் முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு நாள் ஓடும் தண்ணீரில் மிதந்துகொண்டே வர வேண்டும். தேங்கிய தண்ணீரில் அடியில் போய்ச் சேற்றில் புதைந்து வீணாகிவிடும். அதனால் பெரும்பாலான ஏரிகளில் வளர்ப்புக் குஞ்சுகளைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். டெக்சோமாவுக்கு மேலே ரெட் ரிவரும் வாஷிட்டா ஆறும் தடையில்லாமல் வெகுதூரம் ஓடுவதால், இங்கே அது தானாகவே பெருகுகிறது. போதாததற்கு, ரெட் ரிவரின் மேற்பகுதியில் இயற்கையாகவே உப்பு ஊற்றுகள் இருக்கின்றன, ஏரித் தண்ணீரிலும் அந்த உப்பு உண்டு, கடல் மீனுக்கு அது அந்நியமில்லை. இது எல்லாம் தெரிந்த பிறகு அந்த மீனைத் தொடும்போதே எனக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

இரைக்கு வருகிறேன். இங்கே நிறையப் பேர் ஷாட் என்ற சின்ன மீனை உயிரோடு கோத்துப் போடுவார்கள். நான் வெட்டிரைக்காரன், மீனைத் துண்டு போட்டுத்தான் கோப்பேன். எல்லாம் உன் அப்பா கற்றுக்கொடுத்தது. வாளைக்குக் கெண்டையைத் துண்டு போட்டு ராத்திரி முள் கட்டுவாரே, "இரை கெட்டால் நண்டுக்குத்தான்டா ஆகும்" என்பாரே, அந்த ஒரு பேச்சு இங்கேயும் அச்சு மாறாமல் பலிக்கிறது.

ஷாட் நம் மத்திக்குச் சொந்தம். அதே வெள்ளை மினுக்கு, அதே எண்ணெய்ப் பசை. கருக்கலில் கரையோரம் வீச்சு வலை போட்டுப் பிடிப்பேன். (டெக்சாஸ் சட்டப்படி வலையின் விட்டம் 14 அடிக்கு மேல் போகக்கூடாது. உன் மாமா வீசுவது இங்கே செல்லாது.) பிடித்ததைத் தண்ணீர் வாளியில் போட மாட்டேன், ஐஸ் மேல் அடுக்கிவிடுவேன். தண்ணீரில் ஊறினால் ரத்தம் கரைந்துவிடும், சதையும் தளர்ந்துவிடும். வீசுவதற்குச் சற்றுமுன்தான் வெட்டுவது. செதிலைச் சுரண்டி, வாலை நீக்கி, சாய்வாக இரண்டு விரல் அகலத்தில் துண்டு போடுவேன். குடல் தொங்கும் தலைத்துண்டைத் தனியாக வைத்துக்கொள்வேன். பெரிய மீன் அதற்குத்தான் வரும். இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் துண்டை மாற்ற வேண்டும். வெளுத்த துண்டில் வாசனை இல்லை, வாசனை இல்லையென்றால் மீனும் இல்லை.

தங்கூசி நரம்பில் ஓட்டை ஈயக்குண்டு நழுவி ஓடும்படி கோத்து, அதற்குக் கீழே இரண்டடி விட்டு முள். குண்டு தரையில் கிடக்கும், மீன் இரையை இழுக்கும்போது கனம் தெரியாது. முள் வளைந்து உள்நோக்கித் திரும்பியிருக்கும் சர்க்கிள் ஹூக். இதில்தான் நான் ரொம்ப நாள் தடுமாறினேன். நாம் சின்ன வயதில் தக்கை அமுங்கியதும் வெட்டி இழுத்துப் பழகியவர்கள். இதில் வெட்டி இழுத்தால் முள் வாயிலிருந்து வெறுமனே வந்துவிடும். கோல் வளைந்து நுனி தண்ணீரைத் தொடும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்து, பிறகு மெதுவாகச் சுருட்ட வேண்டும். மீன் திரும்பி ஓடும்போது கடைவாயில் தானே ஏறிக்கொள்ளும். தொண்டையில் மாட்டுவது குறைவு.

சனிக்கிழமை ஒரு மேடு தண்ணீருக்குள் நீண்டு, 15 அடியிலிருந்து 30 அடிக்குச் சரியும் இடத்தில் நங்கூரம் போட்டேன். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. முதலில் வந்தது நீலக் கெளுத்தி, எட்டுக் கிலோ இருக்கும், விட்டுவிட்டேன். (2004-ல் இதே ஏரியில் 121.5 பவுண்டு, அதாவது 55 கிலோ நீலக் கெளுத்தி ஒன்று தூண்டிலில் சிக்கியது. அப்போது அது உலக சாதனை.) வெயில் ஏறும்போது கூட்டம் வந்தது. அரை மணி நேரத்தில் நான்கு ஸ்ட்ரைப்பர். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து மீன் எடுக்கலாம், அதில் 20 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளவை இரண்டுதான். நான்கோடு கோலைச் சுருட்டிவிட்டேன்.

அதற்குக் காரணம் போன ஆகஸ்ட். அன்று நாற்பது அடி ஆழத்திலிருந்து ஏறிய மீன்களில் சின்னதையெல்லாம் நல்லது செய்கிற நினைப்பில் திரும்ப விட்டேன். கொஞ்ச நேரத்தில் படகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வயிறு மல்லாந்து மிதந்தன. ஐந்தை எண்ணினேன். இது குளிர்ந்த நீர் மீன். கோடையில் மேல் தண்ணீர் சுடும், ஆழத்துத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்துவிடும். இரண்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய அடுக்கில் ஒடுங்கித் திணறிக்கொண்டிருக்கும் மீனைப் போராட வைத்து, கொதிக்கும் மேல் தண்ணீருக்குக் கொண்டுவந்தால் அது மீளாது. அன்றிலிருந்து கோடையில் பிடித்துத் திரும்ப விடுகிற வேலையே கிடையாது. வருவதை வீட்டுக்கு எடுத்துக்கொள்வேன், குழம்புக்கு ஆனதும் தூண்டிலை எடுத்துவிடுவேன். அந்த ஐந்தும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

சமையலுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோலுக்கு அடியில் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு சதை ஓடும். அதைச் சீவி எறிந்தால் கவிச்சி இருக்காது. மீதி வெள்ளைச் சதை, உங்கள் அம்மா அரைக்கும் மிளகாய் மசாலாவுக்கென்றே பிறந்தது.

அங்கே இப்போதும் யாராவது வாளைக்கு ராத்திரி முள் கட்டுகிறார்களா? என்ன இரை வைக்கிறார்கள் என்று பரிசல்துறையில் விசாரித்து எழுது. அணையில் தண்ணீர் இறங்கி நந்தி தெரிந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அக்காவுக்கு என் வணக்கம்.

உன்,
குமரேசன்