64 கோர் வாங்கிய கொள்முதல் குழுவுக்கு

மதிப்பிற்குரிய கொள்முதல் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். புது டேட்டாபேஸ் சர்வருக்கு இன்னும் 24 லைசென்ஸ் பேக் தேவை, பட்டியல் விலையில் 94,680 டாலர் என்ற விலைப்புள்ளியைப் பார்த்துவிட்டு எங்களிடம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். "மெஷின் மாற்றியும் ரிப்போர்ட் ஏன் வேகமாக வரவில்லை?" என்ற கேள்வியும் கூடவே வந்தது. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: நீங்கள் வாங்கிய 64 கோர். கோர் என்பது ப்ராசசருக்குள் தனித்து வேலை செய்யும் பகுதி.

அதில் ஓடும் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வர் 2022 ஸ்டாண்டர்ட் எடிஷன் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் எரர் லாக் கோப்பின் தொடக்கத்தில் ஒரு தகவலை எழுதும். நம் சர்வரில் அது சொல்வது: இரண்டு சாக்கெட் (ப்ராசசர் பொருத்தும் இடம்), ஒவ்வொன்றிலும் 32 கோர், கோருக்கு இரண்டு வீதம் மொத்தம் 128 லாஜிக்கல் ப்ராசசர்; லைசென்ஸ்படி பயன்படுத்துவது 48, அதாவது 24 கோர். மீதி 80-ம் சும்மா கிடக்கின்றன. ஸ்டாண்டர்ட் எடிஷனின் உச்சவரம்பு 4 சாக்கெட் அல்லது 24 கோர், இதில் எது குறைவோ அது. டேட்டாவை ராமில் வைத்துக்கொள்ளும் பஃபர் பூலுக்கு 128 ஜி.பி. நீங்கள் வாங்கித் தந்த ராம் 1,024 ஜி.பி.

லைசென்ஸ் கணக்கோ வேறு. நேரடியாக ஹார்டுவேரில் ஓட்டினால், இன்ஜின் தொடாத கோருக்கும் சேர்த்து எல்லா ஃபிசிக்கல் கோருக்கும் கட்ட வேண்டும். இரண்டு கோருக்கு ஒரு பேக், விலை 3,945 டாலர். பழைய சர்வரில் இரண்டு 8 கோர் ப்ராசசர். 8 பேக் போதுமாக இருந்தது. இப்போது 32 வேண்டும். கூடுதலாக 24 பேக் வாங்கினாலும் கூடுதலாக வேலை செய்யப்போவது 8 கோர், அதாவது 4 பேக்கின் பலன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

அந்த 24 கோரும் முதல் சாக்கெட்டிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கின்றன. ப்ராசசர்களுக்கு வேலை பிரித்துத் தரும் ஷெட்யூலர்களின் பட்டியலைத் திறந்தால் இரண்டாவது சாக்கெட் முழுக்க 'விசிபிள் ஆஃப்லைன்', அதாவது பயன்பாட்டில் இல்லை. எந்த லாஜிக்கல் ப்ராசசர்களில் ஓட வேண்டும் என்று சொல்லும் ப்ராசசர் அஃபினிட்டியை 0 முதல் 23 வரை, 64 முதல் 87 வரை என்று பிரித்துக் கொடுத்து, சாக்கெட்டுக்கு 12 கோராகச் சமன் செய்ய வேண்டும். செய்துவிடுவோம். ஆனால் அஃபினிட்டி லைசென்ஸைக் குறைக்காது.

வேகத்துக்கு வருவோம். வாங்கியது ஜியான் கோல்டு 6530. அடிப்படை வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ். அதே தலைமுறையில், அதே சாக்கெட்டில் பொருந்தும் கோல்டு 6534-இல் 8 கோர், 3.9 கிகாஹெர்ட்ஸ். ஒரே த்ரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் ஓடும் க்வெரிக்குக் கோர் எண்ணிக்கையால் பயனில்லை, கோரின் வேகம்தான் பேசும். வேகமான கோருக்கும் மெதுவான கோருக்கும் லைசென்ஸ் விலை ஒன்றே. டெண்டரில் 'குறைந்தது 64 கோர்' என்று எழுதியவர் யாரென்று நாங்கள் கேட்கவில்லை. எங்களையும் யாரும் கேட்கவில்லை.

ஒரு மெஷினைப் பல மெய்நிகர் மெஷின்களாகப் பிரிக்கும் ஹைப்பர்வைசர் போட்டு, 16 வி.சி.பி.யு. (மெய்நிகர் ப்ராசசர்) கொண்ட ஒரு வி.எம். (மெய்நிகர் மெஷின்) உருவாக்கி, அதற்கு மட்டும் லைசென்ஸ் கட்டலாமே என்று வெண்டர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கட்டலாம், கையிலுள்ள 8 பேக்கே போதும். ஆனால் 2022 பதிப்பிலிருந்து அந்த உரிமைக்கு சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸோ (லைசென்ஸோடு சேர்த்து வாங்கிப் புதுப்பிக்கும் பராமரிப்புத் திட்டம்) சந்தாவோ கட்டாயம். செலவுக் குறைப்பு என்று போன நிதியாண்டில் நீங்கள் புதுப்பிக்காமல் விட்டது அதே அஷ்யூரன்ஸைத்தான். பழைய சர்வருக்கே திரும்பலாம் என்றால், ஹார்டுவேர் பழுதானால் தவிர 90 நாளுக்குள் லைசென்ஸை மறுபடி மாற்றக் கூடாது என்ற விதி குறுக்கே நிற்கிறது.

எனவே மலிவான வழி ஒன்றே. இரண்டு 6530-ஐயும் கொடுத்துவிட்டு இரண்டு 6534 வாங்குங்கள். மொத்தம் 16 கோர். புது லைசென்ஸ் ஒன்றுகூட வேண்டாம். மாற்றுவதற்கு முன் அந்த சர்வர் மாடலுக்கு 6534 ஆதரவு உண்டா, பயாஸ் பதிப்பு எது, ஹீட்சிங்க் பொருந்துமா, வாரன்டி தொடருமா என்று வெண்டரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். 24 கோர் கட்டாயம் வேண்டும் என்று இருந்திருந்தால், ஆரம்பத்திலேயே ஒரே சாக்கெட்டில் ஏ.எம்.டி. எபிக் 9274எஃப் கேட்டிருக்கலாம்: சரியாக 24 கோர், 4.05 கிகாஹெர்ட்ஸ், 12 பேக்.

அடுத்து ஆரக்கிள் என்டர்பிரைஸ் எடிஷன் சர்வருக்கும் இதே 64 கோர் மாடலைப் பரிந்துரைத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். இன்டெல், ஏ.எம்.டி. ப்ராசசர்களுக்கு அங்கே கோர் காரணி (கோர் எண்ணிக்கையைப் பெருக்கி லைசென்ஸ் கணக்கிடும் எண்) 0.5. ஆரக்கிள் இப்போது ஓடும் 16 கோருக்கு 8 லைசென்ஸ்; 64 கோருக்கு 32. கூடுதல் 24-க்கு, தலா 47,500 டாலர் பட்டியல் விலையில், 11.4 லட்சம் டாலர். 22 சதவீத சப்போர்ட் கட்டணம் ஆண்டுதோறும் தனி. டயக்னாஸ்டிக்ஸ், ட்யூனிங் பேக்குகள் என்ற கூடுதல் வசதிகளைப் பயன்படுத்தினால், அவற்றையும் அதே எண்ணிக்கைக்கு வாங்க வேண்டும். வி.எம்.வேர் என்ற ஹைப்பர்வைசரில் வைத்துக் கோரைக் குறைத்துக் காட்டினால், அந்தப் பிரிவினையை ஆரக்கிள் தன் கொள்கையில் ஏற்பதில்லை. அந்த விலைப்புள்ளிக்கும் எங்களிடம்தான் விளக்கம் கேட்பீர்கள் என்று தெரியும்.

கோபம் எட்டிப் பார்த்திருந்தால் பொறுத்தருளவும். நாங்கள் கேட்பது அதிகாரம் அல்ல, ஒரு கையெழுத்துக்கான இடம். டேட்டாபேஸ் சர்வர் எதுவானாலும், விலைப்புள்ளி கோரும் முன்பே ப்ராசசர் மாடலை எங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். ஒப்பீட்டு அட்டவணையில் 'மொத்தக் கோர்', 'தேவைப்படும் லைசென்ஸ்' என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்தால் போதும். ஆரக்கிள் ஆர்டர் கையெழுத்தாகும் முன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டேட்டாபேஸ் பிரிவினர்