காப்பாட்சியர் அவர்களே, எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மேசை வேண்டும்

மதிப்பிற்குரிய அருங்காட்சியகக் காப்பாட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். போன புதன்கிழமை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 46 பேரைக் கூட்டிக்கொண்டு வந்த சமூக அறிவியல் ஆசிரியர் நான்தான். மூன்று வாரத்துக்கு முன்பே அனுமதிக் கடிதம் கொடுத்து, அதில் உங்கள் அலுவலக முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் வந்தோம். அன்றைக்கு நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும், அதனால் முழுக்கதையையும் எழுதவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளுக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை நின்றுவிட்டாள். வேளார் வீட்டுப் பிள்ளை, தாத்தா இன்னும் சக்கரம் சுற்றுகிறார். ஒரு ஓட்டின் உள்பக்கத்தில் வரி வரியாக ஓடுகிற மெல்லிய கோடுகளைப் பார்த்துவிட்டு, “சார், இது விரல் பட்ட தடம். எங்க தாத்தா பானைக்கு உள்ளயும் இப்படித்தான் இருக்கும், வெளிய மட்டும் தேச்சு வழுவழுன்னு ஆக்கிருவார்” என்றாள். அந்த ஓட்டை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அதில் ஒரு மனிதனுடைய விரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. மற்ற பிள்ளைகளுக்குக் காட்ட அவள் கண்ணாடி மேல் விரலை வைத்து அந்தக் கோட்டை வரைந்தாள், அவ்வளவுதான், காவலர் விசில் ஊதிவிட்டார். “கண்ணாடியத் தொடாத, நகரு, நகரு.” கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டவள் வெளியே வேனில் ஏறும் வரை அவிழ்க்கவே இல்லை. ஐந்து அறைகள், 25 நிமிடம், முடிந்தது.

வேனுக்கு ஆளுக்கு 80 ரூபாய். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்கள் கொடுத்த பணம் அது, ஒருவர் இரண்டு தவணையாகக் கொடுத்தார். பிள்ளை என்ன பார்த்தாள் என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?

காவலர் மீது எனக்குக் குறை இல்லை, அவருக்குச் சொன்னதை அவர் செய்தார். பெட்டியைத் திறந்து பிள்ளைகள் கையில் கொடுங்கள் என்று கேட்கவும் இல்லை. நான் கேட்பது ஒரு மேசை. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், பள்ளிப் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்க ஒரு மேசை போட்டுக் கொடுங்கள்.

அதில் வைக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று தெரியாத, காட்சிக்கும் ஆய்வுக்கும் பயன்படாத ஓடுகள் உங்கள் கிடங்கில் சாக்கு சாக்காக இருக்கும். அதில் பத்து ஓட்டை எடுத்து வையுங்கள். பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாமல் கறுப்பாகும், வெளியே காற்றுப் பட்டுச் சிவப்பாகும் என்பதைக் கையில் ஓட்டை வைத்துக்கொண்டு சொன்னால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். பலகையில் எழுதிப் போட்டு நான் அரை மணி நேரம் கத்த வேண்டியிருக்கிறது. அப்புறம் ஈரக் களிமண்ணும் சில குச்சிகளும். கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன் என்றும் குவிரன் என்றும் பேர் கீறியிருக்கிறார்களே, தமிழி என்கிற அதே பழந்தமிழ் எழுத்தில் இந்தப் பிள்ளைகளும் தங்கள் பேரைக் கீறிப் பார்க்கட்டும். சிமெண்டில் வார்த்த ஒரு நடுகல் நகல் இருந்தால் மைப்படியும் எடுக்கலாம். ஈரத் தாளை விரித்து, எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும் வரை தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றினால் கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். அதை ஒரு தடவை கண்ணால் பார்த்த பிள்ளைக்குக் கல்வெட்டு என்றால் என்ன என்று நான் மறுபடி நடத்த வேண்டியதே இல்லை.

1851-லேயே சென்னையில் அருங்காட்சியகம் கண்ட மாநிலம் இது. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து எங்கள் பிள்ளைகள் தெருவில் கிடக்கிற ஓட்டைக்கூடப் பொறுக்கி வந்து “சார், இது பழசா?” என்று கேட்கிறார்கள். கேட்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? பள்ளியில் நாங்கள் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம், பூம்புகார், மதுரை, காஞ்சி என்று கோடிட்ட இடத்தை நிரப்ப வைக்கிறோம், அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. நீங்கள் வாசலுக்கு வண்ண விளக்குப் போடுகிறீர்கள், சுவருக்குப் புதுச் சாயம் அடிக்கிறீர்கள், புகைப்படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடையும் கட்டியாயிற்று. இத்தனைக்கும் பணம் இருக்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு மேசைக்கு மட்டும் ஏன் இல்லாமல் போகிறது? விருந்தினர் வந்தால் திறக்கிற அந்தப் பக்கவாட்டு அறை மற்ற நாளெல்லாம் பூட்டித்தானே கிடக்கிறது!

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஆள் குறைவு என்று எனக்குத் தெரியும். மேசையைப் பார்த்துக்கொள்ள முறை வைத்து ஆசிரியர்கள் நாங்கள் வருகிறோம், அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் பேசிவிட்டேன், நான்கு பேர் சரி என்றிருக்கிறார்கள். பொருளை எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்தும் போடுகிறோம்.

அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை ஏழாம் வகுப்போடு மறுபடி வருகிறோம், அனுமதிக் கடிதம் இதோடு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அந்தப் பிள்ளை மட்டும் கூட வருவாள். அவளுடைய தாத்தாவிடம் சொன்னேன், சக்கரத்தையும் ஒரு மூட்டைக் களிமண்ணையும் தானே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அன்றைக்கு அந்தப் பக்கவாட்டு அறையைத் திறந்து, ஒரு மேசை மட்டும் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர்