நம்ம கரையில இருந்து போனவங்க பேரையும் எழுதி வைக்கணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா அந்தக் கோட்டைக்கு ஆள் அனுப்பின டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியனை பேரோட விட்டுட்டீங்க. 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் வாங்கினது இவரோட ஆளுங்கதான், அந்தப் பக்கம் வடகடல்ல ஸ்காட்லாந்துக்காரங்கள ஆயிரக்கணக்குல சம்பளத்துக்குப் பட்டாளத்துல சேர்த்ததும் இவருதான். டென்மார்க், ஸ்காட்லாந்து ரெண்டு ராஜா வீட்டுக்கும் சம்பந்தம் வேற. இவரோட அக்கா ஆன் ஸ்காட்லாந்து ராஜா ஆறாம் ஜேம்ஸுக்கு வாக்கப்பட்டவங்க. 1589-ல பொண்ணு ஏறி வந்த கப்பல் புயல்ல மாட்டி நார்வே பக்கம் ஒதுங்கிருச்சு, மாப்பிள்ளை பொறுக்க முடியாம தானே கப்பல் ஏறிப் போயி ஆஸ்லோவுல கல்யாணத்த முடிச்சு, அந்தக் குளிர்காலம் பூரா டென்மார்க்ல தங்கிட்டு 1590 மே மாசம்தான் ஊர் திரும்புனாரு.

ராஜா கதைய விடுங்க. எனக்கு முக்கியமாப் படுறது அவங்களுக்குப் பின்னாடி போன சாதாரண ஆளுங்கதான். ஸ்காட்லாந்து அப்போ ஏழை நாடு, மொத்த ஜனத்தொகையே சுமார் 10 லட்சம்தான் இருக்கும், நிலம் மூத்த பையனுக்குப் போயிரும், மத்தவன் பிழைப்பு தேடணும், எதிர்கரையில டென்மார்க்கும் ஸ்வீடனும் ஓயாம சண்டை போட்டுக்கிட்டு ஆள் தேடிட்டு இருந்தாங்க, அதனால ஐரோப்பாவுல 1618-ல இருந்து 1648 வரைக்கும் நடந்த முப்பதாண்டுப் போர்ல மட்டும் பல பத்தாயிரம் பேர் கப்பல் ஏறினாங்க. எல்லாரும் விரும்பிப் போனவங்களும் இல்ல, வேலை இல்லாமத் திரியுறான்னு பிடிச்சு ஏத்தி விட்டதும் உண்டு.

1612-ல நடந்தத நெனச்சா இப்பவும் மனசு கனக்குது. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் கால்மார் போர் நடக்குது, ஸ்வீடனுக்கு ஆள் சேர்த்துக்கிட்டு ஒரு கூட்டம் ஸ்காட்லாந்துல இருந்து கிளம்புது, டென்மார்க் ராஜா மச்சானாச்சேன்னு ஜேம்ஸ் அதத் தடுத்தும் கேக்காம சுமார் 300 பேர் நார்வே கரையில போயி இறங்கி ஸ்வீடனுக்கு நடந்தே போகலாம்னு மலைப்பாதையில ஏறுறாங்க, பாதிக்கு மேல கையில ஆயுதமே சரியா இல்ல. ஆகஸ்ட் 26-ஆம் தேதி கிரிங்கன்ங்கிற இடுக்குல அந்த ஊர் விவசாயிங்க மரத்தையும் பாறையையும் மேல இருந்து உருட்டி விட்டு அடிச்சாங்க, கேப்டன் ஜார்ஜ் சின்க்ளேர் அங்கேயே செத்தாரு, உயிரோட பிடிபட்டவங்கள்ல பெரும்பாலானவங்கள மறுநாளே கொன்னுட்டாங்க. அந்த விவசாயிங்களுக்கு இன்னிக்கும் நார்வேயில நினைவுச்சின்னம் இருக்கு. ஆனா செத்தவனும் எவனோ ஒரு தாய்க்குப் பிள்ளைதானே, சம்பளம்னு நம்பி வந்தவன்.

அதே போர்ல இன்னொரு வகை ஸ்காட்லாந்துக்காரங்களும் இருந்தாங்க. ஜேம்ஸ் ஸ்பென்ஸ்னு ஒருத்தர், ஸ்வீடனுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவரு, அப்புறம் தூதரா ஆகி சொந்த ராஜாவுக்கும் ஸ்வீடன் ராஜாவுக்கும் ரெண்டு பக்கமும் வேலை பார்த்தாரு. ராபர்ட் ஆன்ஸ்ட்ரதர்ங்கிறவரு டென்மார்க் பக்கம். இவங்க நடுவுல நின்னு பேசித்தான் 1613 ஜனவரில க்னேரட் சமாதானம் வந்துச்சு, டென்மார்க் பிடிச்சு வெச்சிருந்த எல்ஃப்ஸ்போரி கோட்டையத் திரும்ப வாங்க ஸ்வீடன் 10 லட்சம் ரிக்ஸ்டேலர் வெள்ளிக்காசு கட்ட வேண்டியதாச்சு. சண்டைக்கு ஆள் அனுப்பின அதே கரைதான் சமாதானம் பேசவும் ஆள் அனுப்புச்சு, இத யாரும் சேர்த்து வெச்சுப் பாக்குறதில்ல. வெளிநாட்டுக்குப் போனவன்னா கூலிக்காரன்னு மட்டும் முடிச்சிடுறாங்க.

அப்புறம் 1626-ல டொனால்ட் மக்கேன்னு ஒருத்தர் ஒரு ரெஜிமென்டே திரட்டி கிறிஸ்டியன் ராஜாவுக்குக் கொண்டு போனாரு, 1628-ல ஜெர்மனிக் கரையில இருக்குற ஷ்ட்ரால்சுண்ட் துறைமுகத்த முற்றுகையில இருந்து காப்பாத்துனதுல அந்தப் படைக்குப் பெரிய பங்கு. அங்க ஸ்வீடன் கவர்னரா வந்து உக்காந்ததும் ஒரு ஸ்காட்லாந்துக்காரர்தான், அலெக்சாண்டர் லெஸ்லி. 1636-ல ஃபீல்ட் மார்ஷல் வரைக்கும் போனவரு, 1638-ல சம்பள பாக்கிக்குப் பீரங்கியும் துப்பாக்கியும் வாங்கிட்டு சொந்த ஊர் வந்து அங்க படைக்குத் தலைமை ஏத்துக்கிட்டாரு.

தரங்கம்பாடிக்கும் இதுக்கும் என்னன்னு கேக்கலாம். கிறிஸ்டியன் ராஜா முப்பதாண்டுப் போர்ல இறங்கித் தோத்து கஜானா காலியானது நம்ம கரை வரைக்கும் வலிச்சுது, கடைசில 1639-ல கிளம்புன கப்பலுக்கு அப்புறம் கிட்டத்தட்ட 30 வருஷம் டென்மார்க்ல இருந்து அந்தக் கோட்டைக்கு ஒரு கப்பல்கூட வரல. 1731-ல ஸ்வீடனோட கிழக்கிந்தியக் கம்பெனி கோதன்பர்க்ல ஆரம்பிச்சப்ப அதுக்கு மூளையா இருந்தவர் காலின் கேம்பெல், அவரும் ஸ்காட்லாந்துக்காரர். அந்தக் கம்பெனிக் கப்பல் 1733-ல பரங்கிப்பேட்டைக்கு வந்து கிட்டங்கி போட்டதும் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் சேர்ந்து வந்து அடிச்சுப் பிடுங்குனான். இதெல்லாம் நம்ம கடல்ல நடந்தது ஐயா.

இவ்வளவும் எப்படித் தெரியுதுன்னா அங்க எழுதி வெச்சிருக்காங்க. ஸ்டாக்ஹோம் ஆவணக் காப்பகத்துல அந்தக் காலத்துப் பட்டாளப் பேர்ப்பட்டியல் கம்பெனி வாரியா இருக்கு, யார் நோயாளி, யார் செத்தான் வரைக்கும். புருஷன் போருல செத்ததும் பாக்கிச் சம்பளம் கேட்டு விதவைங்க போட்ட மனுவும் இருக்கு. அதையெல்லாம் எடுத்து ஸ்காட்லாந்து யுனிவர்சிட்டி ஆளுங்க ஆள் ஆளா ஒரு டேட்டாபேஸ் போட்டிருக்காங்க, தளபதி மட்டும் இல்ல, சிப்பாய், வியாபாரி, தூதர், மாணவன் எல்லாரும், ஆயிரக்கணக்கான பேர், எந்த ரெஜிமென்ட், எப்ப போனான், எங்க செத்தான்னு தனித்தனியா. 400 வருஷம் முன்னாடி போன ஆளுக்கு இது.

இப்ப நம்ம கரைக்கு வாங்க. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி, மண்டபம், பாம்பன், எந்த ஊர்ல போயி நின்னாலும் சபருக்கு, அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன ஆள் இல்லாத வீடு உண்டா? கொழும்பு, ரங்கூன், பினாங்கு, அப்புறம் துபாய், சவுதி. 1914-ல பாம்பன் பாலம் வந்ததும் தனுஷ்கோடியில இருந்து தலைமன்னாருக்குக் கப்பல், 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடிய அழிக்கிற வரைக்கும் எத்தன ஆயிரம் பேர் அதுல போயி வந்திருப்பாங்க. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவுல புகுந்தப்ப காட்டு வழியா நடந்தே வந்தவங்க, வழியிலயே போனவங்க, மலாயாவுல நேதாஜி படையில சேர்ந்தவங்க. முதுகுளத்தூர் கமுதிப் பக்கம் பட்டாளத்துக்குப் போன குடும்பங்க எத்தன. அதுக்கும் முன்னாடி சேதுபதி சீமை மறவர் படை திருமலை நாயக்கருக்காக மைசூர்ப் படைய எதிர்த்துப் போச்சு, சேதுபதி பேர் இருக்கு, கூடப் போன சிப்பாயோட பேர எங்க போயி தேடுறது?

எங்க பாட்டனார் ரங்கூன்ல கடை வெச்சிருந்தவரு. அவரு எழுதுன கடிதம், கடைக் கணக்கு நோட்டு எல்லாம் ஒரு டிரங்க் பெட்டியில கிடந்துச்சு, உப்புக்காத்தும் கரையானும் சேர்ந்து பாதிய முடிச்சிருச்சு, மிச்சத்த இப்ப ஒவ்வொரு தாளா போட்டோ எடுத்து வெச்சிட்டு வர்றேன். இதே மாதிரி பெட்டி ஊருக்கு நூறு இருக்கும், வீடு இடிச்சுக் கட்டுறப்ப அப்படியே பழைய பேப்பர்க்காரன்கிட்ட போயிருது. கேட்டுச் சொல்ற வயசானவங்களும் ஒவ்வொருத்தரா போயிட்டு இருக்காங்க.

அதனால ரெண்டு விஷயம் கேக்குறேன். பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்காரங்க கடற்கரை ஊர் மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் குடுக்குறப்ப, திரும்பத் திரும்ப அரண்மனையையும் கோயில் தூணையும் குடுக்காம, உன் தெருவுல வெளிநாடு போன ஆளுங்க பட்டியல எடுத்துட்டு வான்னு சொல்லணும், பேர், போன வருஷம், எந்த ஊர், என்ன வேலை, திரும்பி வந்தாரா, வீட்ல காத்திருந்த பொம்பளைங்க எப்படிக் குடும்பம் நடத்துனாங்க, இவ்வளவு கேட்டாப் போதும். நம்ம பேப்பர் ராமநாதபுரம் பதிப்புல வாரத்துல ஒரு அரைப்பக்கம் ஒதுக்கி, வாசகர் அனுப்புற பழைய பாஸ்போர்ட், கடிதம், பட்டாளத்து டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் இதையெல்லாம் பேரோட போடணும். கீழக்கரையில வீடு வீடாப் போயி சேகரிக்க நானும் என் கூட்டாளிகளும் தயார், நீங்க ஒரு அறிவிப்பு போட்டா நோன்புப் பெருநாள் கழிஞ்சதும் வேலைய ஆரம்பிச்சிரலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழக்கரை.